அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது

1

ஈத் பெருநாளுக்கு மறுநாள் பக்கத்து ஃபிளாட் நஸ்ரின் கதவைத் தட்டினாள். கராச்சிக்காரி. ஷார்ஜாவில் இந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து எனக்குப் பக்கத்து வீடு அவள்தான். கையில் ஒரு கிண்ணம் சேமியா. கொடுத்துவிட்டுப் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாஜி, உடம்பு சரியில்லையா?" என்று அவளுடைய உருதுவில் கேட்டாள். பாஜி என்றால் அக்கா.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்று என்னுடைய ஓட்டை இந்தியில் சொன்னேன்.

"மூணு மாசமா உன் டி.வி. சத்தம் கேக்குது. உன் சத்தம் கேக்கலையே."

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் டி.வி.யோடு சண்டை போடுகிறவள். செய்தி வாசிக்கிற பெண் ஒரு வரி வாசித்தால் நான் இரண்டு வரி பதில் சொல்வேன். மந்திரி ஒருவர் வெள்ளம் பார்க்க ஹெலிகாப்டரில் போனால், "கீழ எறங்கிப் பாருயா, கால் நனையட்டும்" என்பேன். கிரிக்கெட் பார்த்தால் அதைவிட மோசம். சுவர் மெல்லிசு. இந்த ஏப்ரலில் அபுதாபியில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய இரண்டு மேட்சுகளின்போதும் நான் இந்தப் பக்கமிருந்து கத்த, நஸ்ரின் அந்தப் பக்கமிருந்து கத்தினாள். ஆளுக்கொரு மேட்ச் ஜெயித்ததால் நட்பு பிழைத்தது. "உங்க ஆளு பந்து போடறான். எங்க ஆளு நின்ன எடத்துலேர்ந்து காலையே எடுக்கல. அவன் வீட்டுக்குப் போய் தூங்கட்டும்" என்று நானே போய் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் நாட்டுக்காரனாக இருந்தாலும் ஆடாதவன் ஆடாதவன்தான்.

என் கணவர் ரவிக்கு இது பிடிக்காது. ஏ.சி. பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். வந்த நாட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. விசா புதுப்பிக்க மெடிக்கல் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றபோது, "இந்த ஜன்னல்ல ஆள் இல்லன்னா எதுக்கு டோக்கன் குடுத்தீங்க" என்று நான் கேட்கப்போக, அவர் என் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகளும் அவர் பக்கம்தான். மகன் கார்த்திக்கின் காலில் பந்து, காதில் ஹெட்ஃபோன். நான் தமிழ்ச் செய்தி போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான். எட்டு வயது திவ்யா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள்.

நஸ்ரினிடம் என் கதையைச் சொல்ல என் இந்தி போதாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

2

மரக்காணத்து உப்பளத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்காதவர்கள் அதை அழகு என்று சொல்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பாத்தியில் கணுக்கால் அளவு உப்புத்தண்ணீரில் நின்று பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்க்கிற பெண்களுக்கு, மேலே இருக்கிற வெயில் பாதி, கீழே வெள்ளையிலிருந்து திரும்பி அடிக்கிற வெயில் பாதி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கல்யாணமாகி ஷார்ஜா வருகிற வரைக்கும் நானும் அங்கே உப்பு வாரினவள். என் அப்பா தணிகாசலம் அங்கே மேஸ்திரி. அவருக்குப் பிறகு என் தம்பி குமார். மேஸ்திரி என்றால் பத்துப் பன்னிரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பகுதி பாத்திகளை அந்தப் பருவம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவன். அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கண்ணாயிரம். கட்சியில் ஒன்றிய அளவில் ஏதோ பதவி. வெள்ளை வேட்டி, வெள்ளை கார்.

சுனாமி வந்த அன்று நான் இங்கே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாகப்பட்டினத்தையும் மெரினாவையும் காட்டினார்கள். மரக்காணம் என்ற பெயர் ஓடுகிற எழுத்தில் ஒரே ஒரு தடவை வந்து போனது. போன் போகவில்லை. அன்றைக்கு மட்டும் நான் டி.வி.யிடம் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் குமார் பாண்டிச்சேரி ரோட்டில் எங்கேயோ ஒரு பூத்திலிருந்து பேசினான். "அக்கா, நான் இருக்கேன்" என்று சொன்னான்.

மீனவ ஊர்களில் உயிர் போனது, படகு போனது. உதவி அவர்களுக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, போகத்தான் வேண்டும். அளத்தில் உயிர் போகவில்லை. சேறு வந்து பாத்தியெல்லாம் மூடிக்கொண்டது. ஒரு பருவம் போனது. அதைக் கேட்க யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து, பெண்கள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அளத்து ஓரத்தில் சிமெண்ட் தூண் வைத்து ஒரு கொட்டாய் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே உட்கார திட்டு, குடிக்கத் தண்ணீர்த் தொட்டி. நான் உப்பு வாரின காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அதைக் கோயில் என்று கும்பிட்டிருப்பேன்.

சாவியைக் கண்ணாயிரத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் பூட்டினார்.

3

இந்த வருஷம் ஏப்ரலில் தேர்தல் சூடு. ஒரு பக்கம் கலர் டி.வி. தருகிறேன் என்றார்கள், ரெண்டு ரூபாய்க்கு அரிசி என்றார்கள். இன்னொரு பக்கம் அதெல்லாம் நடக்காது என்றார்கள், பிறகு அவர்களும் அரிசி என்றார்கள். நான் இங்கே உட்கார்ந்து இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் குமார் போனில் ஒரு விஷயம் சொன்னான். கொட்டாய்க்குள் கட்சிக் கொடியும் போஸ்டரும் தட்டியும் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். பச்சையம்மா என்று ஒரு வயசான அம்மா, என்னோடு வேலை செய்தவள், வெயிலில் மயக்கம் போட்டுப் பாத்தியிலேயே விழுந்துவிட்டாளாம். "தண்ணி எடுக்கக்கூட தொறக்கலக்கா" என்றான். சொல்லிவிட்டு, வைகாசியில் இல்லாவிட்டால் ஆனியில் கல்யாணம் என்று பேச்சை மாற்றினான். அனுமந்தையில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பெயர் செல்வி.

மறுநாள் ஒரு தமிழ்ச் சேனலில் நேயர்கள் போனில் பேசுகிற நிகழ்ச்சி. இந்தத் தேர்தலில் உங்கள் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம்பர் கீழே ஓடியது. போட்டேன். கிடைக்காது என்றுதான் போட்டேன். கிடைத்துவிட்டது.

"வணக்கம், யார் பேசறீங்க, எங்கேர்ந்து பேசறீங்க?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பேரை மட்டும் சொல்லிப் பழக்கமில்லை. பேரை மட்டும் சொன்னால், "அதான், யார் வூட்டுப் பொண்ணு?" என்று அடுத்த கேள்வி வரும். யார் மகள், யார் அக்கா, எந்தத் தெரு என்று சொல்லி முடித்தால்தான் நாம் யார் என்று ஆகும். சின்ன வயதிலிருந்து அப்படியே சொல்லி வளர்ந்த வாய்.

"வசந்தா பேசறேங்க, ஷார்ஜாலேர்ந்து. சொந்த ஊரு மரக்காணம் பக்கம். உப்பு மேஸ்திரி தணிகாசலம் பொண்ணு. என் தம்பி குமாரும் இப்ப அங்கதான் மேஸ்திரியா இருக்கான்."

"மேடம், உங்க டி.வி. வால்யூம கொஞ்சம் கம்மி பண்ணிட்டுப் பேசுங்க."

கம்மி பண்ணினேன். பேசினேன்.

"எதிர்பார்ப்பெல்லாம் ஒண்ணும் இல்லிங்க. டி.வி. தரேன்றாங்க, அரிசி தரேன்றாங்க, தரட்டும். எங்க அளத்துல பொம்பளைங்க ஒதுங்க ஒரு கொட்டாய் கட்டிக் குடுத்தாங்க. அதப் பூட்டி உள்ள கொடியும் போஸ்டரும் வெச்சிருக்காங்க. போஸ்டரு நிழல்ல இருக்குது, பொம்பளைங்க வரப்புல குந்திக்கினு சாப்புடறாங்க. எந்தக் கட்சின்னு நான் சொல்லமாட்டேன். அந்தக் கொடித் துணிய எடுத்து அவங்க தலைக்காவது கட்டிக்கக் குடுங்க. நிழலாவது கெடைக்கும்."

"நல்ல கருத்து மேடம், நன்றி" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். நான் போனை வைத்துவிட்டு அடுப்பில் குழம்பைக் கிளறினேன். மனசு லேசாக இருந்தது. கார்த்திக் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "அம்மா, அது லைவ்" என்றான்.

4

எங்கள் ஊர் டீக்கடையில் அந்த நேரம் அதே சேனல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா பெயர், தம்பி பெயர், ஊர், தொழில் எல்லாம் நானே வரிசையாகக் கொடுத்துவிட்டேன். கண்டுபிடிக்க யாருக்கும் ஒரு வேலையும் வைக்கவில்லை. அதையெல்லாம் விட என் குரல் போதும். சின்ன வயதில் நான் அளத்தில் ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறு மூலையில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

மறுநாள் காலையில் கண்ணாயிரம் காரை டீக்கடை முன்னால் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கிக் குமாரைக் கூப்பிட்டிருக்கிறார். கடையில் இருபது பேர்.

"ஏம்பா, டி.வி.ல பேசனது உங்கக்காவா?"

குமார் சொல்லியிருக்கிறான். "இல்லிங்க. எங்கக்கா அப்படியெல்லாம் பேசாது. வேற யாரோ எங்க பேர சொல்லிப் பேசியிருக்காங்க."

கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். கண்ணாயிரத்துக்கும் தெரியும். ஆனால் அது உப்பு கொட்டுகிற மாதம், மேஸ்திரியை விரட்டினால் ஆட்களும் போவார்கள், தேர்தல் வேறு வருகிறது. பொய்யை ஏற்றுக்கொள்வதில் அவருக்கும் லாபம் இருந்தது.

"அப்ப சரி. உங்கக்கா இல்லன்னா சரி. உன் கல்யாணத்துக்கு நாந்தான் முன்னாடி நிக்கப்போறேன். உங்கக்கா வருமில்ல? வரட்டும், பேசிப் பாக்கலாம்."

இதைக் குமார் எனக்குப் போனில் சொன்னபோது அவன் குரல் அடங்கி இருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"என்னை இல்லன்னு சொல்லிட்டியாடா?"

"வேற என்னா சொல்ல சொல்ற? பன்னெண்டு பேரு வேல அது. பச்சையம்மாவுக்கு வேற எங்க வேல குடுப்பான்?"

"அந்தப் பச்சையம்மாவுக்காகத்தாண்டா பேசினேன்."

"தெரியும்கா. அதுகூடத்தான் சொல்லுது, வசந்தா கரெக்டாதான் பேசுச்சுன்னு. ஆனா கடையில கேட்டா அதுவும் இல்லன்னுதான் சொல்லும்."

பிறகு அவன் விஷயத்துக்கு வந்தான். எங்களில் தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். அடுத்த இரண்டு முடிச்சு நாத்தனார், அதாவது மாப்பிள்ளையின் அக்கா தங்கை போட வேண்டும். அவனுக்கு நான் ஒருத்திதான். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. நான் போகாவிட்டால் ஊர் கேட்கும். கண்ணாயிரமும், "டி.வி.ல பேசனவதான, அதான் வரல" என்று முடித்துவிடுவார். போனால் என் வாய்.

"நீ வாக்கா. முடிச்சுப் போடு. ஆனா பேசாத. தொண்ட கட்டிக்கிச்சுன்னு சொல்லிடறேன். கொரல் கேட்டா அவரால தெரியாத மாதிரி இருக்க முடியாது. எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாருன்னா அவரு சும்மா இருந்தா அவருக்கு அசிங்கம். அப்புறம் எனக்கு அளம் இல்ல."

எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். வந்து திரும்புகிற வரைக்கும் என்றான். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. பெற்ற தாய் செத்தபோதுகூட நான் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

5

பள்ளிக்கூடம் மூடினதும் கிளம்பினோம். ரவிக்கு லீவு கிடைக்கவில்லை. கார்த்திக்கைக் கூப்பிட்டேன். உலகக் கோப்பை கால்பந்து நடக்கிறது, மரக்காணத்தில் கரண்ட் போய்விட்டால் யார் பொறுப்பு என்று இங்கிலீஷில் கேட்டான். மாமாவின் கல்யாணத்தைவிடப் பிரேசில் பெரிதாகிவிட்டது அவனுக்கு. அவனை அப்பாவோடு விட்டுவிட்டு, திவ்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஏர்போர்ட்டிலிருந்து வேனில் வரும்போதே குமார் கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு கொடுத்தான். ஆனி மாத வெயிலில் கம்பளி மாதிரி ஒரு துண்டு. ஊரில் இறங்கியதும் தெருவே வந்தது. என்னோடு வளர்ந்தவர்கள், என் வாயில் திட்டு வாங்கியவர்கள். ஒவ்வொருத்தரும் என் கழுத்துத் துண்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், தொண்டையா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். ஒருத்தியும் சந்தேகமாகக் கேட்கவில்லை, ஒருத்தியும் நம்பவுமில்லை. பச்சையம்மா மட்டும் பக்கத்தில் வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கட்டினாலும் கட்டிச்சு, நல்ல நேரத்துல கட்டிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்தல் முடிந்திருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். முடிவு வந்த அடுத்த வாரமே கண்ணாயிரம் தோளில் துண்டின் கரையை மாற்றிவிட்டாராம். கொட்டாய்க்குள் பழைய கொடி போய்ப் புதுக் கொடி வந்ததாம். பூட்டு மட்டும் அதே பூட்டு.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குமார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னம்மா வசந்தா, ஷார்ஜா எப்படி?"

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"அடடா. டி.வி. பாப்பியோ அங்க?"

தலையை ஆட்டினேன். அவர் காலை நீட்டிக்கொண்டார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம கிரிக்கெட்டுக்காரனுங்கள பாத்தியா? வெஸ்ட் இண்டீஸ்ல போய் ஒன் டே மேட்ச கோட்ட விட்டானுங்க. எல்லாம் பணத்துக்காக வேணும்னே தோக்கறானுங்க."

நான் பார்த்த மேட்சுகள் அவை. ஒன்றில் ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள். வேண்டுமென்று தோற்கிறவன் ஒரு ரன்னிலா தோற்பான் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினேன்.

"அரிசி ரெண்டு ரூபாய்க்குக் குடுத்துட்டாங்க. இனிமே இவளுங்க எவ வேலைக்கு வருவா? சோம்பேறியா ஆக்கிட்டானுங்க ஜனத்த."

தேர்தல் முடிகிற வரை தோற்ற கட்சியின் மேடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது ஆளும் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டும் அதையே சொல்கிறார். அதை மட்டுமாவது சுட்டிக்காட்ட வேண்டுமென்று இருந்தது. புடவை முந்தானையை முறுக்கினேன்.

"சுனாமின்னு சொல்லி யார் யாருக்கோ வீடு, படகு. அழுதவனுக்கெல்லாம் குடுத்தானுங்க. அனுமந்தைக்காரனுங்க நல்லா அழுதானுங்கப்பா."

என் தம்பி கட்டப்போகிற பெண்ணின் ஊர் அது. அவள் சித்தப்பா கடலில் போனவர். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். குமார் என்னையே பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பயம் மட்டும்தான். எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே, உள்ளே போய் மோர் கொண்டுவந்து கண்ணாயிரம் கையில் கொடுத்தேன்.

அப்போது திவ்யா வந்தாள். "உங்கம்மாவுக்குத் தொண்டை சரியாச்சா பாப்பா?" என்று கண்ணாயிரம் அவளிடம் கேட்டார். "எந்தத் தொண்டை, அம்மா காலையில என்னைப் பார்த்துக் கத்தினாங்களே, பல்லு தேய்க்கலன்னு" என்றாள். வாழ்நாளில் அந்தக் குழந்தை இத்தனை சுத்தமான தமிழில் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

கண்ணாயிரம் மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். "கொழந்தைங்க பொய் சொல்லாது" என்றார். குமாரின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு குமார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டுக்குள்ளேயே பேசாமல் இருக்க ஆரம்பித்துவிட்டோம்.

6

மரக்காணத்தில் ஒரு சின்ன மண்டபம். கெட்டிமேளம் கொட்டியதும் குமார் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நூலை விட்டான். நான் செல்வியின் பின்னால் குனிந்து மற்ற இரண்டையும் போட்டேன். இரண்டாவது முடிச்சு சரியாக இறுகவில்லை, அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே, "மெதுவா போடுங்க அண்ணி" என்றாள். என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு.

முன்வரிசையில் கண்ணாயிரம். மொய், போட்டோ எல்லாம் முடியப்போகிற நேரத்தில் மேடைக்கு ஏறி வந்தார். வீடியோக்காரன் கையில் மைக் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக நிறுத்தி, மணமக்களை வாழ்த்தி ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாயிரம் மைக்கை வாங்கினார். அது மண்டபத்து ஸ்பீக்கரில் கேட்டது. வாழ்த்தினார். பிறகு மைக்கைத் திருப்பி என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"மாப்ளையோட அக்கா பேசலன்னா எப்படி? பேசும்மா. டி.வி.ல பேசற மாதிரி நெனச்சுக்கினு பேசு."

சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் மைக்கை எடுக்கவில்லை. "ஒரே ஒரு வார்த்த" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஊமை மாதிரி கையைக் காட்டிக்கொண்டு என் தம்பி கல்யாண மேடையில் நிற்கிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும்.

குமார் கை நீட்டி அவரிடமிருந்து மைக்கை எடுத்தான். கழுத்தில் மாலையோடு நின்றான். நெற்றியில் வியர்வை வழிந்து சந்தனம் கரைந்துகொண்டிருந்தது.

"எங்கக்காவுக்குத் தொண்டையெல்லாம் ஒண்ணும் இல்லிங்க. நாந்தான் பேச வேணாம்னு சொன்னேன். டி.வி.ல பேசனதும் எங்கக்காதான். நான் இல்லன்னு சொன்னது பொய்."

அப்புறம் மைக்கை என் கையில் வைத்தான். "நீ பேசுக்கா" என்றான்.

கொட்டாயைப் பற்றி, கரை மாறிய துண்டைப் பற்றி, அனுமந்தையின் அழுகையைப் பற்றி, ஒரு ரன்னைப் பற்றி எல்லாம் ஒரு வாரமாக உள்ளே அடைத்து வைத்திருந்தேன். என் பேச்சுக்காக மண்டபமே காத்திருக்கிறது, தடுக்க யாரும் இல்லை. வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. கடைசியில், "எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கண்ணாயிரம் சாப்பிடாமல் போனார்.

7

மறுநாள் காலையில் புது மாப்பிள்ளையாக வீட்டில் இருக்க வேண்டியவன் பலகையைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போனான். என்னவாகும் என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை. நானும் பின்னாலேயே போய் ரோட்டு ஓரத்தில் நின்றேன். வரப்பில் காவல்காரன் கையைக் குறுக்கே காட்டி நிறுத்துவது தெரிந்தது. பெண்களை உள்ளே விட்டான். அவர்கள் தயங்கித் தயங்கி நின்றார்கள். குமார்தான் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். காலால் மிதித்து, தண்ணீர் பாய்ச்சி அவன் தயார் செய்த பாத்திகள் அவை. வேறு ஒரு மேஸ்திரி அதற்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தான்.

திரும்பி வந்தான். "பயப்படாம சொன்னியேடா, அது போதும்டா" என்றேன்.

"போதுமா?" என்று கேட்டான்.

பலகையைக் கீழே வைத்தான். என் தம்பி அதுவரை என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

"மைக்ல சொன்னத நான் மாத்திக்க மாட்டேன். ரெண்டு மாசம் உன்ன இல்லன்னு சொல்லிட்டு எனக்கு சோறு எறங்கல. ஆனா நீ ஒண்ணு கேட்டுக்கோ. உனக்குக் கோவம் வருது, பேசற. போன வெச்சிட்டு கொழம்பு வெக்கற. நாளைக்கு ஃபிளைட் ஏறிடுவ. நான் டெய்லி இந்த ரோட்லதான் போவணும், அந்த ஆளு மூஞ்சிலதான் முழிக்கணும். நீ பேசறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் டி.வி.யில் சொன்னதும் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே விமானம் ஏறினேன். செய்தி போட்டால் இப்போது பார்க்கிறேன், அவ்வளவுதான். கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று காட்டினார்கள், பார்த்தேன். நஸ்ரினுக்குக் கேட்காமல் போனது அதனால்தான்.

குமார் இப்போது பஸ் ஏறிக் குயிலாப்பாளையம் போகிறான். வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற கெஸ்ட் ஹவுஸ் ஒன்று கட்டுகிறார்கள், அங்கே கொத்தனாருக்குக் கையாள். உப்புத் தண்ணீரில் வெடித்த காலுக்கு சிமெண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று செல்விதான் சொன்னாள். அவன் சொல்ல மாட்டான்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தபோது அவன் இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. செல்வி எடுத்தாள். அவளும் அளத்தில் உப்பு வாரப் போகிறாள், பச்சையம்மாவோடு.

"அண்ணி, ஒரு சேதி. பொம்பளைங்க எல்லாம் ஒண்ணா போயி கண்ணாயிரம் வூட்டு வாசல்ல நின்னோம். பச்சையம்மா ஆயாதான் கேட்டுச்சு. கொட்டாய் சாவிய குடுத்துட்டாரு. கொடியெல்லாம் எடுத்துட்டு, தொட்டியக் கழுவி தண்ணி ரொப்பிட்டோம். மதியானத்துல எல்லாரும் உள்ளதான் குந்தி சாப்புடறோம்."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "குமாருக்குத் தெரியுமா, என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"சொன்னேன் அண்ணி. எந்தப் பக்கம் காத்து வருதுன்னு கேட்டாரு. அவரு ஒரு நாள்கூட அதுக்குள்ள உக்காந்ததில்ல இல்ல."